விளையாட்டின் கடிவாளம் குழந்தை கையில்: மனக்காயம் பட்ட குழந்தைகளோடு ஆலோசனை அறையில் விளையாடும் முறை

"வாயே திறக்க மாட்டேங்குது. ஏதாவது கேம் வெச்சுப் பேச வைங்க." ஆலோசகரிடம் பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி வைக்கும் வேண்டுகோள் இது. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் விளையாட்டைத் தூண்டிலாக்கிக் கதையைப் பிடுங்கினால், குழந்தைக்கு ஏற்கெனவே நடந்ததைத்தான் நாமும் செய்கிறோம். அடி விழுந்தபோதும் வண்டி மோதியபோதும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோதும் அந்தக் குழந்தையால் எதையும் நிறுத்த முடியவில்லை. அதனால் எந்த விளையாட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: குழந்தை நினைத்த நொடியில் இதை நிறுத்த முடியுமா? முடியாது என்றால், அது எவ்வளவு புகழ்பெற்ற பயிற்சியாக இருந்தாலும் அலமாரியிலேயே இருக்கட்டும்.

தொடங்கும் முன்

குழந்தை இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா என்பது முதல் விஷயம். துன்புறுத்தியவர் இன்னும் அதே வீட்டில் இருந்தால் பழைய நினைவுகளைத் தொடும் விளையாட்டு எதுவும் வேண்டாம். பாதுகாப்பு ஏற்பாடும், சட்டப்படி தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவிப்பதும்தான் அப்போதைய வேலை. உடலையும் மனதையும் அமைதிப்படுத்தும் எளிய விளையாட்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சம்பவம் நடந்து சில நாட்களே ஆகியிருந்தால், நடந்தது முழுவதையும் ஒரே அமர்வில் கொட்ட வைக்கும் முறையைக் கையாளாதீர்கள். உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. தூக்கம், சாப்பாடு, தெரிந்த முகங்கள், வழக்கமான நாள் ஒழுங்கு ஆகியவைதான் அந்த நாட்களின் மருந்து. கெட்ட கனவு, திடுக்கிடல், சம்பவத்தை நினைவூட்டும் இடங்களைத் தவிர்ப்பது போன்றவை ஒரு மாதம் தாண்டியும் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் முறையான மதிப்பீடும் சிகிச்சையும் தேவை. 3 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு, பராமரிப்பாளரையும் சேர்த்துக்கொண்டு செய்யும் மனக்காயம் சார்ந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) ஆய்வுச் சான்று வலுவாக இருக்கிறது. இங்கே சொல்லும் விளையாட்டுகள் அத்தகைய சிகிச்சைக்குள் வைத்துப் பயன்படுத்த வேண்டிய கருவிகள். அவற்றையே முழுச் சிகிச்சையாக எண்ணிவிடக் கூடாது.

அறையைப் பற்றி ஒன்றிரண்டு. குழந்தை கதவைப் பார்த்தபடி உட்கார முடிய வேண்டும். கதவுக்கும் குழந்தைக்கும் நடுவில் நீங்கள் உட்காராதீர்கள். பலூன் வேண்டாம், வெடித்தால் அன்றைய அமர்வு அதோடு முடிந்தது. கண்ணைக் கட்டுவது, விளக்கை அணைப்பது, துரத்திப் பிடிப்பது, தொட்டால் 'அவுட்' என்பது எல்லாமே மற்ற குழந்தைகளுக்கு விளையாட்டு. இந்தக் குழந்தைக்கு அவையே மிரட்டலாகத் தோன்றலாம்.

முதல் விளையாட்டு: நிறுத்து அட்டை

மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான். முதல் அமர்வில் வேறு எதுவும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலும் போதும்.

கெட்டி அட்டையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் வெட்டிக் கொடுங்கள். நிறம், படம், எழுத்து எல்லாம் குழந்தையின் விருப்பம். பிறகு ஒத்திகை. நீங்கள் ஒரு பந்தைத் தரையில் குழந்தையை நோக்கி மெதுவாக உருட்டப் போகிறீர்கள். குழந்தை அட்டையைத் தூக்கியதும் அப்படியே உறைந்துவிட வேண்டும். பந்தில் கை இருந்தால் கை அங்கேயே நிற்கட்டும். பாதி வார்த்தை பேசியிருந்தால் மீதியை விழுங்குங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இது: "சரி சரி, இதை மட்டும் முடிச்சிடறேன்" என்று உருட்டி முடித்துவிட்டு நிறுத்துவார்கள். 'நிறுத்து' என்றாலும் பெரியவர்கள் தாங்கள் நினைத்ததை முடித்துவிட்டுத்தான் நிறுத்துவார்கள் என்ற பழைய பாடத்தைத்தான் குழந்தை அதிலிருந்து மறுபடி கற்றுக்கொள்ளும்.

ஐந்தாறு முறை இப்படிச் செய்யுங்கள். சில குழந்தைகள் பத்து, பதினைந்து முறை வேண்டுமென்றே தூக்கிச் சிரிப்பார்கள். சலிக்காதீர்கள், இந்த ஆள் உண்மையிலேயே நிறுத்துவாரா என்று சோதிக்கிறார்கள். வேறு சிலர் ஒருமுறைகூடத் தூக்க மாட்டார்கள். அவர்களோடு இடம் மாறிக்கொள்ளுங்கள்: குழந்தை உருட்டட்டும், நீங்கள் அட்டையைத் தூக்குங்கள். நிறுத்தச் சொல்வது தப்பில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர்களுக்குத் துணிவு வரும். "மூன்று முறைதான் தூக்கலாம்" என்றெல்லாம் கணக்கு வைக்காதீர்கள். ஏன் தூக்கினாய் என்றும் கேட்காதீர்கள்.

மூச்சுக்குச் சோப்புக் குமிழி

ஒரு பங்கு பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, ஆறு பங்கு தண்ணீர். நுரை எழாமல் கலக்கிக் கொஞ்ச நேரம் வைத்தால் குமிழி நன்றாக வரும். வேகமாக ஊதினால் உடைந்துவிடும். நீளமாக, மெதுவாக ஊதினால்தான் பெரிதாகும். "மெதுவா மூச்சு விடு" என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை, குமிழியே சொல்லிக்கொடுத்துவிடும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும் என்பதால் நீளமான வெளிமூச்சு உடலை அமைதிப்படுத்துகிறது.

ஐந்தாறு ஊதலுக்கு ஓர் இடைவெளி விடுங்கள். ஆர்வத்தில் விடாமல் ஊதினால் தலை சுற்றும். அந்தத் தலைசுற்றலும் பயத்தின்போது வரும் தலைசுற்றலும் குழந்தைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தண்ணீரில் மூழ்கித் தப்பியவர், புகையில் சிக்கியவர், கழுத்து நெரிக்கப்பட்டவர் ஆகியோருக்கு மூச்சில் கவனம் வைப்பதே நினைவைக் கிளறிவிடலாம். அவர்களுக்குக் குமிழியை விட்டுவிட்டுக் களிமண்ணைப் பிசையக் கொடுங்கள், அல்லது இரண்டு கையாலும் சுவரைத் தள்ளச் சொல்லுங்கள். "கண்ணை மூடு" என்பதை யாரிடமும் கட்டாயமாக்காதீர்கள்.

எவ்வளவு கனமாக இருக்கிறது?

சம்பவத்தின் பக்கம் போகும் எந்த விளையாட்டுக்கும் முன்னும் பின்னும் மனநிலையை அளக்க ஒரு கருவி வேண்டும். பெரியவர்களுக்கான 0 முதல் 10 வரையிலான அளவுகோல், ஏழெட்டு வயதுக்குக் கீழே பல குழந்தைகளுக்குப் பிடிபடாது. ஒரு கிண்ணமும் ஐந்து பெரிய மணிகளும் எடுத்துக்கொள்ளுங்கள். "இப்ப உள்ளே எவ்வளவு கனமா இருக்கு? அவ்வளவு மணியைப் போடு." வாய் திறக்காத குழந்தையும் இதைச் செய்யும். நான்கோ ஐந்தோ விழுந்தால் அன்று கனமான விஷயத்துக்குப் போக வேண்டாம். இரண்டுக்கு மேல் இருக்கும்போது அமர்வை முடித்து அனுப்புவதும் சரியில்லை, இன்னும் கொஞ்சம் அமைதிப்படுத்திவிட்டு அனுப்புங்கள்.

உடலின் வெளிக்கோட்டை ஒரு பெரிய தாளில் வரைந்துகொடுத்து, எந்த உணர்வு எங்கே இருக்கிறது என்று வண்ணமிடச் சொல்வது இதன் அடுத்த படி. சிவப்பு கோபம், கறுப்பு சோகம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். தாளின் ஓரத்தில் எந்த நிறம் எதற்கு என்பதைக் குழந்தையே குறிக்கட்டும். வரைந்ததை வைத்து "இந்தக் குழந்தைக்கு இன்னது நடந்திருக்கிறது" என்று ஆரூடம் சொல்வது கூடவே கூடாது. படம் நோயறியும் கருவி அல்ல.

மரக்கட்டைக் கோபுரம்

உருவி எடுத்து மேலே அடுக்கும் விளையாட்டுக் கட்டைகள் கடையில் 54 கொண்ட பெட்டியாகக் கிடைக்கும். வரிசைக்கு மூன்றாக 18 வரிசை. எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது மிகவும் பொருந்துகிறது. கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும்; கண்ணோடு கண் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

கட்டைகளைப் பிரிக்கும் கணக்கு இது: 24 கட்டைகள் எந்தக் குறியும் இல்லாமல் வெறுமனே இருக்கட்டும். 12-இல் நீலப் புள்ளி, அது உடல் செய்யும் வேலை: கையை உதறு, பாதத்தைத் தரையில் அழுத்து, அறையில் நீல நிறப் பொருள் மூன்றைக் கண்டுபிடி. 10-இல் பச்சைப் புள்ளி, பிடித்தவை பற்றி: உன்னைச் சிரிக்க வைக்கும் ஒருவர், நீ நன்றாகச் செய்யும் ஒரு வேலை. மீதி 8-இல் மஞ்சள், அது உணர்வு: கோபம் வந்தால் உன் உடலில் எங்கே முதலில் தெரியும், பயம் வரும்போது எது உதவுகிறது. சம்பவத்தைப் பற்றிய கேள்வி எந்தக் கட்டையிலும் வேண்டாம். அது வர வேண்டிய நேரத்தில் குழந்தை வழியாகவே வரும்.

புள்ளியை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். கட்டையின் அகன்ற பக்கத்தில் ஒட்டினால் உருவிய பிறகே தெரியும். அது பரிசுச்சீட்டு மாதிரி; எதிர்பாராமல் ஒரு கேள்வி வந்து தலையில் விழும். கட்டையின் சிறிய முனைப் பக்கத்தில், இரண்டு முனையிலும் ஒட்டுங்கள். கோபுரம் நிற்கும்போதே நிறங்கள் தெரிவதால், மஞ்சளைத் தொடுவதா வேண்டாமா என்பதைக் குழந்தை பார்த்து முடிவு செய்யும். மூன்று வாரம் மஞ்சள் பக்கமே போகாத குழந்தை நான்காவது வாரம் ஒன்றை உருவினால், அது தானாக எடுத்த முடிவு. அதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். நீங்களும் உங்கள் முறை வரும்போது பதில் சொல்ல வேண்டும். சின்ன, உண்மையான, குழந்தை தோளில் சுமையேற்றாத பதிலாக இருக்கட்டும்.

சத்தத்தை மறக்காதீர்கள். மேசைமேல் 54 கட்டையும் சரிந்தால் அறையே அதிரும். தரையில் மடித்த போர்வையை விரித்து, அதன்மேல் ஒரு தட்டையான பலகை வைத்து அடுக்குங்கள். முதல் ஆட்டத்துக்கு முன்னால், "இது விழும், சத்தம் வரும். முதல் தடவை நீயே தள்ளிப் பார்க்கறியா?" என்று கேளுங்கள். ஆறு வரிசை மட்டும் அடுக்கித் தள்ளவிடுங்கள். எப்போது விழும் என்று தெரிந்த சத்தம் அவ்வளவாகப் பயமுறுத்தாது. யார் தள்ளினாரோ அவர் தோற்றார் என்ற விதியையும் எடுத்துவிடுங்கள். எத்தனை வரிசை ஏறினோம் என்று இருவரும் சேர்ந்து எண்ணினால் போதும்.

மணல் தட்டு

1920-களின் கடைசியில் லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற குழந்தை மருத்துவர் தொடங்கிய முறை. தட்டு சுமார் 75 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 7 செ.மீ. ஆழம், குழந்தை தலையைத் திருப்பாமல் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கக்கூடிய அளவு. உட்புறம் நீல வண்ணம் அடிக்க வேண்டும், மணலை விலக்கினால் தண்ணீர் தெரிய வேண்டுமே. பாதி ஆழத்துக்கு நிரப்ப ஏறக்குறைய 20 கிலோ மணல் பிடிக்கும், அதனால் மேசை உறுதியாக இருக்கட்டும்.

பொம்மைகள் நூறு இருந்தால் தாராளம். எல்லா வயது மனிதர்கள், வீட்டு விலங்கு, காட்டு விலங்கு, மரம், வீடு, வாகனம், பயமுறுத்தும் உருவங்கள், காப்பாற்றுகிறவர்கள். வேலியும் பாலமும் நிறைய வேண்டும். அடைத்து வைக்கவும், பிரிக்கவும், மறுகரை சேரவும் குழந்தைகள் அவற்றைத்தான் தேடுவார்கள். கை உடைந்த பொம்மையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதைத் தேடி எடுக்கும் குழந்தை உண்டு.

"இதிலே உனக்குப் பிடிச்ச மாதிரி ஒரு உலகம் செய்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓரமாக உட்காருங்கள். குழந்தை பெயர் வைக்காத பொம்மைக்கு நீங்கள் பெயர் வைக்கக் கூடாது. உங்கள் கண்ணுக்குப் புலி. குழந்தைக்கு அது அண்ணனாக இருக்கலாம். "இது மறுபடியும் வேலிக்குள்ளே வந்துடுச்சு" என்று கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள். "அப்பா கோபமா இருக்காரா?" என்று கேட்டுவிட்டால் கதை உங்களுடையதாகிவிடும். தட்டைக் குழந்தை கண்முன்னால் கலைக்காதீர்கள். போன பிறகு, முன்பே அனுமதி வாங்கியிருந்தால் ஒரு புகைப்படம் எடுத்துவிட்டுக் கலையுங்கள்.

ஒரே விளையாட்டு திரும்பத் திரும்ப வந்தால்

1976 ஜூலையில் கலிஃபோர்னியாவின் சௌச்சில்லா ஊரில் பள்ளிப் பேருந்தோடு 26 குழந்தைகள் கடத்தப்பட்டு, மண்ணில் புதைத்த வண்டிக்குள் அடைத்து வைக்கப்பட்டார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். பின்னர் அந்தக் குழந்தைகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், மனக்காயத்துக்குப் பிந்தைய விளையாட்டு என்று ஒன்றைத் தனியே அடையாளம் கண்டார். அதில் மகிழ்ச்சி இருக்காது. ஒரே வரிசை, ஒரே முடிவு. எத்தனை முறை ஆடினாலும் பாரம் இறங்காது. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல நோய் வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பும் இத்தகைய விளையாட்டைக் குழந்தைகளின் அறிகுறியாகக் குறிப்பிடுகிறது.

கார் மோதுகிறது, எல்லோரும் சாகிறார்கள், மறுபடி கார் மோதுகிறது. இதைப் பார்த்ததும் பதறித் தடுக்க வேண்டாம். திரும்ப ஆடுவதே கெட்டது என்றில்லை. சின்னச் சின்ன மாற்றம் வருகிறதா என்று கவனியுங்கள்: இன்று ஆம்புலன்ஸ் வந்ததா, ஒருவராவது பிழைத்தாரா, குழந்தை நடுவில் உங்களை நிமிர்ந்து பார்த்ததா? வந்தால் மனம் வேலை செய்துகொண்டிருக்கிறது, வழிவிடுங்கள். அமர்வுக்கு அமர்வு துளி மாற்றமும் இல்லாமல், முகம் இறுகி, ஆடி முடித்தபின் முன்னைவிடக் கலக்கம் கூடியிருந்தால் உள்ளே வர வேண்டியது உங்கள் பொறுப்பு. முதலில் நடப்பதை மெதுவான குரலில் விவரியுங்கள். பிறகு "இந்த இடத்திலே யார் வந்தா உதவியா இருக்கும்?" என்று கேட்டுப் பொம்மைக் கூடையைப் பக்கத்தில் வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் எழுந்து நிற்கும் வேலை ஒன்றைக் கொடுத்து ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். உதவிக்கு யார் வருவது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் அனுப்பும் போலீஸ்காரர் அந்தக் குழந்தைக்குப் பயம் தரும் ஆளாகவும் இருக்கலாம்.

எல்லை மீறும்போது

மனம் தாங்கும் அளவைத் தாண்டினால் இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று கொதிப்பு: மூச்சு வேகமாகும், சிரிப்பு கூச்சலாகும், பொருட்கள் பறக்கும். அப்போது கனமான, மெதுவான வேலை கொடுங்கள். சுவரைத் தள்ளுவது, மணல் வாளியைத் தூக்கி வைப்பது. மற்றொன்று உறைவு: வெறித்த பார்வை, மெலிந்த குரல், ஓயாத கொட்டாவி, எதைக் கேட்டாலும் "தெரியாது". இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அடக்கமான குழந்தை என்று நினைத்து நாம் தொடர்ந்துகொண்டே போவோம். எழுந்து நிற்க வைத்து, பந்தைக் கைக்குக் கை மாற்றி, பார்க்கும் ஐந்து பொருளைச் சொல்ல வைத்து மெல்லத் திரும்ப அழையுங்கள்.

குழந்தை உங்களை அடிக்க வந்தால், விளையாட்டுச் சிகிச்சை வல்லுநர் கேரி லேண்ட்ரெத் வகுத்த மூன்று படி உதவும். உணர்வைச் சொல்வது, எல்லையைச் சொல்வது, வேறு வழி காட்டுவது. "உனக்கு ரொம்பக் கோபம் வருது. என்னை அடிக்கக் கூடாது. அந்தத் தலையணையை அடிக்கலாம்." மூன்றும் ஒரே மூச்சில், குரல் உயராமல் வர வேண்டும்.

விளையாட்டுக்கு நடுவே துன்புறுத்தலைப் பற்றிக் குழந்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் முகத்தில் திகைப்பைக் காட்டாதீர்கள். "சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. "அவர்தானே செய்தார்?" என்பது போன்ற, பதிலை உள்ளே வைத்த கேள்வி ஒன்றுகூட வேண்டாம். அது குழந்தையின் நினைவையும் கலைக்கும், பின்னால் விசாரணையையும் கெடுக்கும். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே, அன்றே எழுதி, சட்டம் சொல்லும் இடத்தில் தெரிவியுங்கள். விசாரணை வேறு ஆட்களின் வேலை.

வளர்ந்த பிள்ளைகள், குழுக்கள்

13 வயதுக்கு மேல் பொம்மையை நீட்டினால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். சீட்டு, பலகை விளையாட்டு, கட்டம் கட்டமாகப் படக்கதை வரைவது, மனநிலைக்கு ஏற்ற பாட்டுப் பட்டியல் தயாரிப்பது எல்லாம் நன்றாக வரும். விதிகளை அவர்களையே எழுதச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

குழுவில் ஆறு முதல் எட்டுப் பேர், வயது வித்தியாசம் இரண்டு மூன்றுக்குள், நடத்துகிறவர் இருவர்: ஒருவர் வெளியேறும் குழந்தையோடு போனால் மற்றவர் குழுவோடு இருக்கலாம். சம்பவ விவரங்களைக் குழுவில் சொல்ல வைக்காதீர்கள். ஒருவரின் கதை இன்னொருவருக்குப் புதிய பயமாகும். குழு, சமாளிக்கும் திறன்களைப் பழகும் இடமாக மட்டும் இருக்கட்டும்.

அமர்வின் நேரம், பெற்றோர், பதிவு

50 நிமிட அமர்வில் முதல் 10 நிமிடம் மணிகளும் குமிழியும், நடுவில் 25 நிமிடம் முக்கிய விளையாட்டு, பிறகு 15 நிமிடம் இறங்குவதற்கு. முடிய 10 நிமிடம் இருக்கும்போது ஒருமுறை, 5 நிமிடத்தில் மறுமுறை சொல்லுங்கள். அலாரம் வேண்டாம். முடிக்கும் விதம் ஒவ்வொரு வாரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும்: பொம்மைகளைக் கூடையில் வைப்பது, மணியை எண்ணுவது, அடுத்த வாரத்துக்கு ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது.

பெற்றோரிடம் அமைதிப்படுத்தும் விளையாட்டு ஒன்றைக் கற்றுக்கொடுங்கள். பதற்றம் வந்த பிறகு தொடங்கினால் எடுபடாது, அமைதியான நேரத்தில் தினமும் ஐந்து நிமிடம் பழக வேண்டும். வெளியே வந்ததும் "இன்னைக்கு உள்ளே என்ன சொன்னே?" என்று கேட்க வேண்டாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாதுகாப்பு சம்பந்தமானதைத் தவிர மற்றவை குழந்தைக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் என்பதையும் குழந்தை முன்னாலேயே சொல்லுங்கள்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியது கண்ணால் பார்த்தது: எதைத் தேர்ந்தெடுத்தது, எந்த வரிசையில், எங்கே நிறுத்தியது, உடலில் என்ன தெரிந்தது, கிண்ணத்து மணிகள் எத்தனையில் தொடங்கி எத்தனையில் முடிந்தன. "சிறிய உருவத்தை மூன்று முறை மணலில் புதைத்தது, மூன்றாம் முறை தானே வெளியே எடுத்தது" என்பது நல்ல பதிவு. "பயத்தை வெளிப்படுத்தியது" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் பயன்படாது.

ஆலோசனை முடியப்போவதைக் குறைந்தது நான்கு அமர்வுக்கு முன்னால் சொல்லத் தொடங்குங்கள். இன்னும் எத்தனை வாரம் என்று தெரிய, நான்கு கட்டைகளை அலமாரியில் வைத்து வாரம் ஒன்றைக் குழந்தையே எடுக்கட்டும். அந்த வாரங்களில் பழைய அறிகுறி ஒன்றிரண்டு தலைகாட்டும், பிரிவு நெருங்குகிறது அல்லவா. கடைசி நாளில் நிறுத்து அட்டையை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டால் கொடுத்துவிடுங்கள். அடுத்து வரும் குழந்தை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும்.